குறுக்குக் கீறல்

சூயஸ் குழாய் ஆலையில் உவைஸை யாரும் பேர் சொல்லி அழைப்பதில்லை. உயிர் பறிக்கும் வானவரின் பேரைச் சொல்லி, "அஸ்ராயீல் வர்றான்டா" என்பார்கள். அது காதில் விழுந்தால் அவருக்கு உள்ளம் குளிர்ந்துவிடும்.

தகட்டைச் சூடேற்றாமல் பச்சையாகவே சுருட்டிக் குழாயாக்கி, மடிப்பைப் பற்றவைப்பது அங்கே வேலை. அப்படிச் சுருட்டிய இரும்பு பாதிப் பொறுமையை அப்போதே இழந்திருக்கும். அதனால் பற்றவைத்த இடத்தோடு சேர்த்து ஒரு துண்டை அறுத்து, தேய்த்து, அழுத்து இயந்திரத்தில் லாடம்போல வளைப்பார் உவைஸ். வெளிப்புறம் பிளக்காவிட்டால் வெல்டர் பிழைத்தான். பிளந்தால் அன்றோடு வேலை போனது.

"எங்க, கொஞ்சம் வளைஞ்சு காட்டு, கண்ணு" என்று ஒவ்வொரு துண்டிடமும் கொஞ்சுவார். வெல்டர் பக்கத்தில் நின்று வியர்த்து வழிவான். பாவி மனிதருக்கு அதைப் பார்ப்பதில் அப்படியொரு சுகம்.

துண்டை நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் ஒவ்வொன்றும் விரிசலுக்கு வாசல். நல்ல பற்றவைப்பும் பிளக்கும். பிடிக்காதவன் துண்டை உவைஸ் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு குறுக்கே தேய்ப்பார். வீட்டில் ஃபூல் பயற்று மசியலை ரொட்டியால் வழித்தபடி அதை மகளிடம் சொல்லிச் சிரிப்பார். தாயில்லாத இன்ஷிராஹ் தேநீர் ஊற்றுவாள்.

அவளைத்தான் ஷாஸ்லி பெண் கேட்டான், ஆலை வாசலில் வைத்து. அங்கிருந்த வெல்டர்களிலேயே சுத்தமான கை அவனுடையது. மறுநாள் அவனுக்குத் தகுதிச் சோதனை.

"நாளைக்கு என் வெல்டிங் பிளந்துச்சுன்னா, மாமா, இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"வாய் விட்டுட்ட. ஆம்பளைன்னா காப்பாத்து" என்றார் உவைஸ்.

அவனிடம் ஒரு குறையும் இல்லை. மகள் போய்விட்டால் தனக்கு யார் சமைப்பது, யார் கால் பிடிப்பது என்பதுதான் அவர் கவலை. நாசமாய்ப்போன கவலை. மறுநாள் தேய்ப்புச் சக்கரத்தைக் குறுக்கே ஓட்டினார். துண்டு பாதி வளைவதற்குள் வாயைப் பிளந்தது.

ஷாஸ்லி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் துண்டைத் தன் தங்கையிடம் கொடுத்து இன்ஷிராஹுக்கு அனுப்பினான். "என் கையிலதான் கோளாறு. என்னை மறந்துடச் சொல்லு." சேதி வந்து சேர்ந்தபோது அவன் ஏறிய பேருந்து லிபிய எல்லையைத் தாண்டியிருந்தது. அங்கே யாரையோ கட்டிக்கொண்டானாம். வெல்டிங் பக்கமே போகவில்லையாம்.

இன்ஷிராஹ் துண்டின்மேல் நீளவாக்கில் நகத்தை ஓட்டினாள். குறுக்கே ஓடிய கீறல்களில் நகம் தட்டித் தட்டி நின்றது. யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றும் அப்பாவுக்குத் தேநீர் ஊற்றினாள். பிறகு வந்த வரன்களை அவளே தட்டிக்கழித்தாள். உவைஸுக்குப் பரம திருப்தி.

ஓய்வுபெற்ற வருடம் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை கட்டைபோல மடங்கிக் கிடந்தது, நாக்கும் எழவில்லை. தினமும் விரல்களை நீட்டி மடக்கிவிடச் சொன்ன மருத்துவர், "மெதுவா, மெதுவா" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இன்ஷிராஹ் ஒருநாளும் தவறவிட்டதில்லை. சமைத்து, ஊட்டி, துடைத்துவிட்டு, கட்டிலருகே உட்கார்வாள். பிளந்த துண்டை அவர் கண்ணில் படும்படி தலையணையில் வைப்பாள். பிறகு விரலைப் பிடிப்பாள்.

"எங்க, கொஞ்சம் வளைஞ்சு காட்டு, கண்ணு."

சுவருக்கு அப்பால் உவைஸின் வார்த்தையில்லாத அலறல் கேட்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி தன் மருமகளிடம் சொல்வாள்: "வேளை தவறாம செய்யுறா பாரு. இந்த மாதிரி மகள் யாருக்குக் கிடைப்பா!"