வேலிக்கு வேலி நடந்த கூட்டம்

அதைத்தான் சொல்லுறன் பிள்ளை, அந்த மனிசன் இண்டைக்கும் என்னைக் கண்டால் மற்ற ஒழுங்கையாலை திரும்பிப் போறார். வேறை ஆருமில்லை, என்ரை அக்காவின்ரை புருசன்தான். கந்தோரிலை கிளாக்கராய் இருந்து பென்சன் எடுத்தவர். கோவமில்லை, வெக்கம். நீர் அப்ப வவுனியாவிலை மகளோடை நிண்டனீர், உமக்குத் தெரிய ஞாயமில்லை. இதிலை இரும்.

கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த நேரம். பள்ளிக்கூடத்து அதிபர் பிள்ளை கடலுக்கு அங்காலை புளியங்கூடல் ஆள், ஆக்கள் போற படகு நிண்டதாலை அனலைதீவிலையே மாட்டுப்பட்டு என்ரை வீட்டிலை தங்கினவ. எனக்கெண்டால் சந்தோசம், என்ரை முருங்கையிலைச் சுண்டலைக் குறை சொல்லாமல் தின்ன ஒராள். அது போகட்டும். பட்டணத்துப் பிள்ளையளுக்குப் போனிலை பாடம் நடக்குது. இஞ்சை போன் பிடிக்கிறதெண்டால் கடற்கரையிலை போய்க் கையை உயத்திக்கொண்டு நிக்க வேணும். வீட்டிலை இருக்கிற ஒரு போனையும் தகப்பன் தொழிலுக்குக் கொண்டு போயிடுவான். என்ரை பேத்திக்கு ரெண்டு மாதத்திலை வாய்ப்பாடு ஏழோடை நிண்டு போச்சு. எட்டாம் வாய்ப்பாட்டைக் கேட்டால் கோழியைப் பாக்கிறாள். தாய் வெளிநாட்டிலை, பிள்ளை என்ரை பொறுப்பு. இப்பிடியே விட்டால் தாய்க்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?

பள்ளிக்கூடத்து அலுமாரிக்குள்ளை ஒரு றோணியோ மெசின் இருந்தது, கையாலை சுத்திப் பாடம் அச்சடிக்கிறது. பேப்பரும் மையும் வந்தால் கிழமைக்குக் கிழமை வீட்டுக்கு வீடு பாடம் குடுப்பன் எண்டா அதிபர் பிள்ளை. பள்ளிக்கூடத்திலை காசும் இருந்தது. ஆனால் அது மதிலுக்குப் பெயின்ற் அடிக்க வந்த காசு. அரசாங்கக் காசின்ரை குணம் உமக்குத் தெரியும்தானே, மதிலுக்கெண்டு வந்தால் மதில்தான் தின்ன வேணும். வருசம் முடிஞ்சால் வந்த வழியே திரும்பிப் போயிடும்.

அப்பதான் சாமான் படகிலை கல்விக் கந்தோர்க் கடிதம் வந்தது. இந்தக் கொரோனா வருசத்துக்கு மட்டும் பிள்ளையள் வீட்டிலை இருந்து படிக்கிறதுக்கு அந்தக் காசைப் பாவிக்கலாமாம். பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்திலை அரைவாசிக்கு மேலை ஆக்கள் சம்மதிச்சுப் புத்தகத்திலை ஒப்பம் வைக்க வேணுமாம். சங்கத்துக்குச் செயலாளர் ஆர் எண்டு நினைக்கிறீர்? எங்கடை அத்தான்.

"ஏலாது," எண்டிட்டார். "சம்மதமெண்டால் கூட்டம் வேணும், கூட்டமெண்டால் ஒரு மண்டபத்திலை கதிரை போட்டு இருக்க வேணும். இப்ப கூடினால் பொலிஸ் பிடிக்கும். நான் முப்பது வருசம் சட்டப்படி வேலை செய்தனான்."

அதிபர் பிள்ளைக்குக் கண் கலங்கிப் போச்சு. நான் அவவைக் குசினி வாசலிலை இருத்தி, "கடிதத்தை வாசியும்," எண்டன். மூண்டு தரம் வாசிப்பிச்சன். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் காதாலை போனது வெளியிலை வராது. கோயிலிலை கேட்டுத்தானே எல்லாத் தேவாரமும் பாடமாக்கினனான். நாலாம் தரம் நான் சொல்ல அவ கடிதத்தைப் பாத்தா. ஒரு சொல்லும் பிசகேல்லை.

விடிய கடிதத்தையும் கொண்டு அக்கா வீட்டு வேலியடியிலை போய் நிண்டன்.

"அத்தான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தைக் கையிலை எடுங்கோ. நான் சொல்லுறன், பிழையெண்டால் மறியுங்கோ."

"உமக்கென்ன விசரே மச்சாள்?"

மேலே இருந்து அடி மட்டும் ஒப்புவிச்சன். மனிசன் விரலை வைச்சு வரி வரியாய்ப் பின்னாலை வருது.

"மண்டபம் எங்கை இருக்கு அத்தான்? கதிரை எத்தினையாம் வரியிலை?"

மனிசன் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பாத்தார். அக்கா கிணத்தடியிலை நிண்டு சிரிக்கிறாள். "இஞ்சருங்கோ, அவள் விடமாட்டாள், பேசாமல் கூட்டத்தை வைச்சு விடுங்கோ," எண்டு என்னைப் பாத்துக்கொண்டு அவருக்குச் சொன்னாள்.

அண்டைக்குப் பின்னேரமே கூட்டம். அவரவர் தங்கடை வேலிக்குள்ளை, அதிபர் பிள்ளை புத்தகத்தோடை ஒழுங்கையாலை வாறா, நான் எட்டத்திலை பின்னாலை போறன். "சம்மதமோ?" எண்டு கேக்க, வேலிக்கு மேலாலை "ஓம்" வருது. ஒரு கிழவன், "தேத்தண்ணி இல்லாத கூட்டத்துக்கு என்ன சம்மதம்," எண்டு நிண்டுது. தேத்தண்ணி பிறகு வருமெண்டு ஏய்ச்சு ஒப்பம் வாங்கினது. என்னைப் போலை கைநாட்டு வைக்கிற ஆக்கள்தான் தொல்லை. ஒராள் தொட்ட மையை மற்றாள் தொடாதாம், கொரோனா வருத்தம் தொத்துமாம். "உங்கடை உங்கடை குசினியிலை கரியில்லையே?" எண்டு கேட்டன். அவரவர் சட்டிக்கரியிலை பெருவிரலைத் தேய்ச்சு வைச்சுதுகள். கடைசியாய் அத்தான். கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு, கரிக் கைநாட்டுச் செல்லுமோ எண்டு நாலு தரம் கேட்டு, தன்ரை ஒப்பத்தை வைச்சார்.

பேப்பர் அடுத்த சாமான் படகிலை வந்தது. அதிபர் பிள்ளை மெசினைச் சுத்த, நான் கட்டுக் கட்டாய்க் கொண்டு போய் வேலியிலை செருகிப்போட்டு வந்தனான். கல்விக் கந்தோரிலை இருந்து பிறகு ஒருத்தர் வந்து புத்தகத்தைப் பாத்து, "இதென்ன கறுப்பு?" எண்டு கேட்டவர். சொன்னன். சிரிச்சுப்போட்டு ஒப்பம் வைச்சிட்டுப் போனார். பேத்தி மழைக்கு முன்னம் பன்னிரண்டாம் வாய்ப்பாடும் முடிச்சிட்டாள். தாய்க்குப் போனிலை சொல்லிக் காட்டேக்கை அங்கை அவள் செய்துகொண்டிருந்த வேலையை அப்பிடியே விட்டிட்டு நிண்டு கேட்டு... பொறும், உதென்ன, ஆடு கயித்தை அறுத்துப்போட்டு வாழைக்குள்ளை நிக்குது. அந்தத் தடியை எடும் பிள்ளை, நான் மற்றப் பக்கத்தாலை மறிக்கிறன்.