விருந்தாளியாக வந்த அக்கா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதைவிட மோசமான குணம் ஒன்று என்னிடம் உண்டு. என்னுடையது என்று ஒன்றை நினைத்துவிட்டால் அதில் இன்னொருவர் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. என் தலையணையில் யாரும் படுக்கக் கூடாது, என் காய் நறுக்கும் கத்தியை யாரும் தொடக் கூடாது. பதினொரு வருடம் காத்திருந்து ஒரு குழந்தை கைக்கு வந்தபோது இந்தக் குணம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நானே பார்த்தேன்.

அந்தப் பதினொரு வருடமும் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற பெண்களிடம் "தண்ணி குடிச்சிட்டீங்களா?" என்று கேட்பதுதான் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது கேட்டிருப்பேன். என்னிடம் யாராவது அதைத் திருப்பிக் கேட்கமாட்டார்களா என்று இருக்கும்.

என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் தம்பி ஒருவர் ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறார். அங்கே பக்கத்திலேயே மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. இரண்டும் பெண் குழந்தைகள். சின்னவள் பிறந்த நாலாவது மாதம் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். பக்கத்து வீட்டு அம்மாதான் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். பெரியவளுக்குத் தலை பின்னி அனுப்பியதும் அவர்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பெரியவள் தங்கையை இடுப்பை விட்டு இறக்கமாட்டாள். எட்டு வயசு. அவள் இடுப்பே இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. பிறகு அந்த அம்மா மகன் வீட்டோடு போவது என்று முடிவாகிவிட்டது.

அந்த வாரம் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து, கொடுத்த காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, சின்னவள நீங்க எடுத்துக்கறீங்களா?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. பெரியவளையும் சேர்த்துக் கூட்டிவரலாமே என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். "ரெண்டும் போயிட்டா நான் எதுக்குண்ணே வீட்டுக்குத் திரும்பி வரணும்?" என்று அவர் கேட்டதும் சின்னவளை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவானது. முறைப்படி எழுதிப் பதிவு செய்தோம். கையெழுத்துப் போட்ட அன்று பெரியவள் ரெட்டை ஜடையும் சிவப்பு ரிப்பனுமாக அப்பாவோடு வந்திருந்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, "பாப்பா தூங்கறப்ப என் ஜடைய புடிச்சிக்கும் பெரியம்மா. உங்களோடத குடுங்க" என்றாள். சரி கண்ணு என்றேன். உண்மையில் நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. குழந்தையின் கனம் என் கையில் இருந்தது, வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் உறவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைக் கொடுத்த வீட்டார் ஆறு மாதத்துக்கு எடுத்த வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நல்ல நாள் என்றாலும் வரமாட்டார்கள். என் நாத்தனார் போன் செய்து மூன்று முறை இதை ஞாபகப்படுத்தினாள். "மொகத்த பாத்துக்கிட்டே இருந்தா உங்கிட்ட ஒட்டாது. அப்பறம் என்னைக் கேக்காத" என்றாள். நாத்தனார் சொல்லி நான் எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டேன், ஏனென்றால் எனக்கு அது வசதியாக இருந்தது.

உறவு முறைகளும் ஒரே நாளில் மாறின. பெற்ற அப்பா சித்தப்பா ஆனார். பெரியம்மாவாக இருந்த நான் அம்மா ஆனேன். பெரியவள் மட்டும் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அக்காதான். மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத அந்த ஒரு உறவைத்தான் நான் வெட்டப் பார்த்தேன்.

சின்னவளுக்கு அப்போது ஒரு வயது எட்டு மாதம். பகலில் சமர்த்தாக இருப்பாள். ரசம் சாதத்தைக் குழைத்து வைத்தால் சட்டையெல்லாம் அப்பிக்கொண்டு தானே சாப்பிடுவாள். என் வீட்டுக்காரர் மின்துறையில் லைன்மேன். வேலை முடிந்து வந்தால் அவருடைய ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதற்குள் உட்கார்ந்துகொள்வாள். தூக்கத்துக்குத்தான் பாடு. என் தலையைத் தடவித் தேடுவாள். எனக்கு இருப்பது எலிவால். அதையும் பின்னிக் கையில் கொடுத்தேன். பிடித்துப் பார்ப்பாள், விட்டுவிடுவாள், அழுவாள். ஏன் அழுகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வீடு உப்பளம் ஏரியாவில். சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் தெரு வழியாகப் பள்ளிக்கூடப் பெண்கள் போவார்கள். எல்லோருக்கும் ரெட்டை ஜடை, மடித்துக் கட்டிய ரிப்பன். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியையும் பார்த்து "க்கா! க்கா!" என்று கத்துவாள். சில பெண்கள் நின்று கையாட்டுவார்கள். முகத்தைப் பார்த்ததும் இவளுக்குச் சத்தம் அடங்கிவிடும். அடுத்த ஜடையைத் தேடுவாள். நாலைந்து நாள் பார்த்தேன். பிறகு நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு டிவியைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தத் தம்பி போன் செய்தார்.

"பெரியவ ஒரு தடவ பாக்கணும்ங்கறா அண்ணி. வீடியோல காட்டினாக்கூட போதும்."

"இப்பத்தான் பழகுது தம்பி. கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன்.

"சரிங்க அண்ணி" என்று வைத்துவிட்டார். மறுபடி இரண்டு முறை கேட்டார். மறுபடி இரண்டு முறை அதையே சொன்னேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "உனக்கே இது நல்லாருக்கா?" என்றார். வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

ஐந்தாவது மாதம் ஒரு சாயங்காலம், தடுப்பூசி போட்டுவிட்டு ஸ்டேடியம் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம் என்பதை மறந்துபோனேன். ரெட்டை ஜடைக்காரி ஒருத்தி எங்களைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் ஏறினாள். அவ்வளவுதான். இவள் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ரோட்டில் ஓடினாள். நான் பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆட்டோ கிளம்பிவிட்டது. இரண்டு கையையும் ஆட்டோ பக்கம் நீட்டிக்கொண்டு, என் நெஞ்சில் உதைத்து, உடம்பை வில்லாக வளைத்து அலறினாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. காய்கறிப் பையோடு நின்றிருந்த ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, இது உன் புள்ளையா?"

"ஆமா, என் புள்ளதான்!" என்று கத்தினேன்.

"அப்பறம் ஏன் உங்கிட்டருந்து தப்பிச்சி ஓடுது?"

அந்த அம்மாளிடம் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். குழந்தை தேம்பித் தேம்பித் தோளிலேயே தூங்கிப்போனாள். அவளுக்கு நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அந்த நடையில் எனக்கு உறைத்தது. செத்துப்போன அம்மாவை அவளுக்கு நினைவிருக்க வழியில்லை. இருக்கிற அக்காவையும் நான் சாகடித்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதக் கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டோம்.

ரெட்டியார்பாளையத்தில் அந்த வீட்டுக் கதவைத் திறந்தது பெரியவள்தான். எனக்கே ஒரு நிமிடம் அடையாளம் தெரியவில்லை. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கு வெட்டுகிற கிராப்பு.

அவள் அப்பா சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார். "காலை ஷிப்ட்னா அஞ்சரைக்கே கெளம்பணும் அண்ணி. பக்கத்து வீட்டம்மாவும் போயிட்டாங்க. எனக்குப் பின்னத் தெரியல. நானே கூட்டிட்டுப் போயி வெட்டி விட்டுட்டேன்."

பெரியவள் அதையெல்லாம் கேட்கவில்லை. "பாப்பா!" என்று இரண்டு கையையும் நீட்டினாள். சின்னவள் அவளைப் பார்த்தாள், அவள் தலையைப் பார்த்தாள், பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐந்து மாதமாக நான் எதற்கு ஏங்கினேனோ அது நடந்தது. குழந்தை என்னிடம் ஒட்டிக்கொண்டாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பெரியவள் நீட்டிய கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். அழவில்லை. "மறந்துடுச்சா பெரியம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல கண்ணு. தூக்கக் கலக்கம்" என்று பொய் சொன்னேன்.

அன்றைக்கே பேசி முடித்துவிட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் என் வீட்டுக்காரர் வண்டியில் போய்ப் பெரியவளைக் கூட்டிவருவார். சாயங்காலம் அவள் அப்பா வந்து அழைத்துப்போவார். நாத்தனார் போனில் கரித்துக் கொட்டினாள். கொட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெரியவள் வந்தால் சின்னவள் என்ன செய்வாள் தெரியுமா? மரியாதை செய்வாள். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் டிவி ரிமோட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பது அவள் பழக்கம். கேபிள்காரருக்கும் அதே மரியாதை. பெரியவளுக்கும் ரிமோட் கிடைத்தது. பொம்மையைக் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவாள். பிஸ்கட்டைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். பிறகு என் சேலை முந்தானைக்குள் வந்து நின்றுகொண்டு அங்கிருந்து சிரிப்பாள்.

"என்ன விருந்தாளி மாதிரி பாக்கறா பெரியம்மா" என்றாள் பெரியவள் மூன்றாவது ஞாயிறு.

முடிதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. முடி வளர வருடக் கணக்கில் ஆகும். எனக்கு எதற்கும் பொறுமை கிடையாது. சண்டே மார்க்கெட்டில் சவுரி இரண்டு வாங்கினேன், சிவப்பு ரிப்பன் வாங்கினேன். அடுத்த வாரம் பெரியவளை உள்ளே உட்காரவைத்து, இருக்கிற முடியில் பத்துப் பதினைந்து ஹேர்பின் குத்தி ரெட்டை ஜடை போட்டுவிட்டேன். கண்ணாடியில் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. கூடத்துக்கு வந்து தங்கை எதிரில் உட்கார்ந்தாள். சின்னவள் கண்ணை அகல விரித்துக் கிட்டே வந்தாள். ஒரு ஜடையைப் பிடித்தாள். இழுத்தாள். சவுரி ரிப்பனோடு கழன்று அவள் கையில் வந்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். பெரியவள் மிச்சமிருந்த ஜடையைத் தானே பிய்த்து எடுத்தாள். "வேணாம் பெரியம்மா. நான் இப்பிடியே இருக்கேன்" என்றாள். என்னை ஓங்கி நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாமா என்று பட்டது.

அதற்குப் பிறகு பெரியவள் தங்கையைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வருவாள், ஒரு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், நான் கொடுப்பதைச் சாப்பிடுவாள். ஒரு ஞாயிறு சாயங்காலம் அப்பாவின் வண்டியில் ஏறும்போது, வழியனுப்பப் போன என் வீட்டுக்காரரிடம், "அடுத்த வாரம் வரல பெரிப்பா, நெறைய படிக்கணும்" என்றாளாம். மூன்றாம் வகுப்பில் அப்படி என்ன படிப்பு? அவர் உள்ளே வந்து என்னிடம் சொன்னார். நானே போய், நயமாகப் பேசி, கெஞ்சித்தான் மறு வாரம் கூட்டிவந்தேன். இந்தத் தடவையும் இப்படியே போனால் இனி அவளைக் கூப்பிட எனக்கு வாய் வராது என்று தெரிந்திருந்தது.

அன்று காலையிலிருந்து மழை. வெளியே போக முடியாது. என் வீட்டுக்காரர் மட்டும் குடையோடு போய்ப் பேக்கரியிலிருந்து நீள ரொட்டி வாங்கி வந்திருந்தார். கறிக்குழம்பைச் சுடவைத்து ரொட்டியை நறுக்கித் தட்டில் அடுக்கிக் கூடத்தில் வைத்தேன். மொறுமொறுவென்று இருக்கும் முனைத் துண்டு எங்கள் வீட்டில் எப்போதும் சின்னவளுக்கு. பெரியவளுக்கு அது தெரியாது. நான் அடுப்பை அணைக்கத் திரும்பினேன். அவள் அந்தத் துண்டை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டாள்.

கூடத்தில் "ஏய்!" என்று ஒரு சத்தம். அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தால் சின்னவள் புயல் மாதிரி போய் ரொட்டியைப் பிடுங்கினாள். பெரியவள் விடவில்லை. "என்து! என்து!" என்று கத்தி, அப்படியும் வராததால், குனிந்து பெரியவளின் முழங்கையில் பல்லைப் பதித்துவிட்டாள்.

நான் கரண்டியோடு ஓடினேன். கையை ஓங்கியும்விட்டேன்.

"அடிக்காதீங்க பெரியம்மா!" என்று பெரியவள் குறுக்கே வந்தாள். கையைத் தூக்கிக் காட்டினாள். நாலு பல் அச்சு, சிவந்து ஈரமாக இருந்தது. கண்ணில் தண்ணீர். ஆனால் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். "கடிச்சிட்டா பெரியம்மா! என்ன கடிச்சிட்டா! குடுக்கமாட்டேங்கறா பாருங்க!"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. கேபிள்காரரைச் சின்னவள் கடித்ததில்லை. மாடி வீட்டுக் குழந்தை பொம்மையைப் பிடுங்கினால்கூட வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறவள்.

"ஒன்ன மட்டும் சும்மா விடுவேனா?" என்று பெரியவள் தங்கையின் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைத்தாள். வீடு இரண்டுபடும் அழுகை. நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, மண்டியிட்டு, இரண்டு கையையும் விரித்தேன். "வாடி தங்கம், அம்மாகிட்ட வா" என்றேன்.

வரவில்லை. கிள்ளியவளின் பாவாடையைப் பிடித்து ஏறி, அவள் இடுப்பில் உட்கார்ந்து, தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு அழுதாள். பெரியவள் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கையால் முதுகைத் தட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். எனக்கு வயிறு எரியத்தான் செய்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதோடு சேர்ந்து நெஞ்சு முட்டச் சந்தோஷம். விரித்த கையை மடக்கிக்கொண்டு எழுந்து போய், ரொட்டியின் இன்னொரு முனையை வெட்டி எடுத்துவந்தேன்.