செங்கமலத்தின் தவலை

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, செங்கமலம் காதைத் தீட்டிக்கொள்வாள். தெருமுனையில் திரும்புவது தண்ணீர் லாரியா, கம்பெனி பஸ்ஸா, குப்பை டிராக்டரா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். டிராக்டர் என்றால் போச்சு. தோசை கருகும், அவள் தவலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள்.

அந்த எவர்சில்வர் தவலை அவளுக்குக் கல்யாணச் சீராக வந்தது. அடியில் ஓட்டை விழுந்தபோது, கம்பெனியில் தகடு வளைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் கணவன் சுப்பராயன் ஒட்டுப்போட்டுக் கொடுத்தான். ஒட்டு கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் பிடித்த தண்ணீர் கிரீஸ் வாடை அடித்ததால் தவலை குப்பை சேர்க்கும் வேலைக்குப் போயிற்று. போனாலும் சீர்ப் பொருள் இல்லையா? வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பாள்.

மறைமலை நகரில் அவள் தெருவில் ஒரு காலி மனை உண்டு. வண்டி வராத நாளில் மற்றவர்கள் இருட்டோடு இருட்டாக அதில் கொட்டிவிட்டு, விடிந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். ஒருநாள் எதிர்வீட்டுக் கோவிந்தம்மா மீன் செதிலைக் கொட்டும்போது செங்கமலம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். தெருவே கூடிவிட்டது. "குப்ப வண்டியத் தவுர வேற எங்கனா நான் கொட்டினேன்னு காட்டு, என் பேரையே மாத்திக்கிறேன்!" என்றாள் செங்கமலம். கோவிந்தம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "மாத்திக்கோ. குப்பம்மான்னு வச்சிக்கோ. நானே காதுல மூணு தபா சொல்றேன்."

அன்றிலிருந்து கோவிந்தம்மா வீட்டு ஜன்னல் சாத்தப்படவே இல்லை.

வண்டி வராவிட்டால் என்ன செய்வது என்பதற்குச் செங்கமலத்திடம் ஒரே பதில்தான். "அது வர்லன்னா நாம்ப போவணும்." காய்கறித் தோலையும் காம்பையும் பால்காரர் மாட்டுக்குப் போடுவாள், பேப்பரைப் பேப்பர்காரனிடம் தள்ளுவாள், மிச்சத்துக்கு மேல் சாம்பல் தூவி, வேப்பிலை பரப்பி, வண்டியைத் தேடிக் கிளம்பிவிடுவாள். டீசல் தட்டுப்பாட்டின்போது பங்க்கில் வரிசையில் நின்ற டிராக்டரில் போய்க் கொட்டிவிட்டு வந்தவள் அவள். "வேற பொம்பளைங்க கோயில் கொளம்னு போவாங்க. என் பொண்டாட்டி குப்ப வண்டிக்குப் போறா" என்று சுப்பராயன் கம்பெனியில் சொல்லிச் சிரிப்பானாம்.

அவன் வாய்முகூர்த்தம், போன ஆடிக் கிருத்திகை அன்று இரண்டும் ஒன்றாகிவிட்டன.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் அவள் வீட்டில் இறால் தொக்கு. மறுநாள் வண்டி வரவில்லை. கிருத்திகை அன்றும் வரவில்லை. இறால் ஓடு இரண்டு நாளில் என்ன செய்யும் என்று சமைத்தவர்களுக்குத் தெரியும். கோவிந்தம்மா ஜன்னலில் நாற்காலி போட்டே உட்கார்ந்துவிட்டாள். செங்கமலம் தவலையோடு குப்பை வண்டிக் காண்டிராக்டர் வீட்டுக்குப் போனாள். "வண்டி வல்லக்கோட்டைக்குப் போயிருக்கு. சொந்தக்காரங்கள முருகன் கோயிலுக்கு ஏத்திக்கினு" என்றாள் அவர் மனைவி.

வேறு யாராயிருந்தாலும் திரும்பியிருப்பார்கள். இவள் வேப்பிலையை இன்னும் ஒரு கொத்து திணித்து, பழைய தாம்பூலப் பையைக் கிழித்து மஞ்சள் துணியால் தவலையின் வாயை இறுகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் தவலையைப் பார்த்தார். "பால்கொடமா தாயே? ஏய், எந்திரிச்சு எடம் குடுப்பா!" அவள் வாயைத் திறப்பதற்குள் உட்காரவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

வல்லக்கோட்டையில் இறங்கித் தவலையைத் தலையில் வைத்ததுதான் தாமதம், "செருப்பு போட்டுக்கினா கொடம் தூக்குவாங்க?" என்று ஒரு அம்மாள் அதட்டினாள். செங்கமலம் பதறிக் கழற்றித் தோள் பையில் போட்டாள். யாரோ காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், யாரோ தவலைக்குக் குங்குமம் வைத்தார்கள். முன்னாலும் பின்னாலும் பால்குடங்கள். "அரோகரா!" என்ற முழக்கத்தில் வரிசை அவளைக் கோபுரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போயிற்று. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. 'முருகா, நான் தெரிஞ்சு பண்ணல. உள்ள மட்டும் இட்டுக்கினு பூடாத' என்று மனசுக்குள் கெஞ்சினாள். அப்போதுதான் புளியமரத்தடியில் டிராக்டர் கண்ணில் பட்டது. வரிசையை உடைத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தாள்.

"அருள் வந்துடுச்சு! வழி விடுங்க!" என்று கூட்டம் இரண்டாகப் பிளந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக எந்தக் கூட்டத்தையும் கடந்ததில்லை.

டிரைவர் மாரி துண்டை விரித்துப் படுத்திருந்தான். "இன்னாம்மா, இங்கியுமா?" என்று எழுந்து உட்கார்ந்தான். அவள் தவலையை நீட்டினாள். மாரி கையெடுத்துக் கும்பிட்டான். வண்டியைச் சுற்றி வாழைக்கன்று, டிரெய்லர் முழுக்கச் சந்தனப் பொட்டு. "நேத்து பூரா கழுவி, பொட்டு வச்சு வுட்டுக்கீறோம். இப்ப இது சாமி வண்டி. இதுல கொட்டினா எனக்குக் கண்ணு அவிஞ்சுடும். ஏறிக்கோ. ஜனங்கள எறக்கிட்டு உங்க தெரு வழியாத்தான் ஷெட்டுக்குப் போவேன். ஜனம் எறங்கிட்டா அப்பால குப்ப வண்டிதான்."

நியாயம்தானே! சாயங்காலம் காண்டிராக்டரின் உறவுக்காரர்களுக்கு நடுவில் தவலையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். "இன்னும் அபிஷேகம் ஆவலியாம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். "வூட்டாண்டதான்னு வேண்டுதல்" என்று சமாளித்தாள். ஒரகடம் தாண்டியதும் இன்னொருத்தி மூக்கை உறிஞ்சினாள். "கிருத்திகை அன்னிக்கி எறா துன்னுட்டு வந்துகீறாங்கடி யாரோ!" எல்லோரும் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த மாரியின் முதுகை முறைத்தார்கள். செங்கமலமும் சேர்ந்து முறைத்தாள்.

கடைசி ஆளும் இறங்கிய பிறகு டிராக்டர் அவள் வாசலில் வந்து நின்றது. தெருவே வெளியே வந்துவிட்டது. செங்கமலம் பையிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினாள். மாரி வாழைக்கன்றுகளை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு, "இப்ப கொட்டிக்கோ" என்றான்.

அதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பொட்டு வைத்த தவலையையும் மஞ்சள் துணியையும் ஜன்னல் வழியாகப் பார்த்த கோவிந்தம்மா, அது குப்பைத் தவலை என்றே அடையாளம் தெரியாமல், பழைய பகையெல்லாம் மறந்து, ஒரு டம்ளரைக் கையில் ஏந்திக்கொண்டு பயபக்தியோடு ஓடிவந்தாள். "எனக்கும் ஒரு வாய் குடு செங்கமலம், சாமி பால்!"

செங்கமலம் அவளைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, டிரெய்லரில் மிச்சமிருந்த சந்தனப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மஞ்சள் துணியை அவிழ்த்துத் தவலையை வண்டிக்குள் கவிழ்த்தாள்.