மூன்று செருப்புக் கடைகளும் ஒரு கணிப்பொறியும்

1998 ஜூன் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை. கோவை காந்திபுரத்தில் காலை ஆறரை மணி மைசூர் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு வழியாக இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். டிக்கெட் ஐம்பத்தெட்டு ரூபாய். மடியில் ஒரு பிஸ்கட் டப்பாவை அணைத்துப் பிடித்திருந்தேன்.

"மேல வெச்சுடுங்க அம்மிணி, பலகாரம் நசுங்காது" என்றார் நடத்துநர்.

"பலகாரம் இல்லீங்க. கம்ப்யூட்டர் பிளாப்பி."

"அப்ப மடியிலயே இருக்கட்டும். திம்பத்துல மனுசனே நேரா உக்கார முடியாது."

அவர் சொன்னது உண்மை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் டப்பாவைப் பிடித்தேனா, டப்பா என்னைப் பிடித்ததா என்று தெரியவில்லை. மலையேறி ஆசனூரைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. சாலையோரக் கடையில் தேநீர் குடித்தேன். அங்கிருந்து பெயர்ப்பலகைகள் கன்னடத்துக்கு மாறின.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. நான்கு பேர் மட்டுமே இருந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எந்தக் கடையில், எந்தச் சரக்கு, எந்த அளவில், எந்த மாதம் விற்கிறது என்று பில்களை அலசிச் சொல்லும் ஒரு நிரல் எழுதியிருந்தோம். எங்கள் துண்டுப் பிரசுரத்தில் அதற்கு 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்று பெயர். மைசூரில் செருப்புக்கடை வைத்திருந்த பழனிச்சாமி அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டு, "வியாபாரத்துக்குப் புத்தி சொல்ற மெஷினுங்களா? எனக்கு ஒண்ணு வேணும்" என்றார்.

பிற்பகல் மைசூரில் இறங்கியபோது தூறல். பழனிச்சாமி குடையோடு நின்றிருந்தார். ஐம்பது வயது, கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை. பூர்வீகம் ஹனூர் பக்கம். மைசூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் என்றார். ஆட்டோவில் போகும்போதே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மூணு கடை இருக்குதுங்க. இங்க ஒண்ணு, நஞ்சன்கூட்டுல ஒண்ணு, ஹனூர்ல ஒண்ணு. ஹனூர்க் கடை எந்திரிக்கவே மாட்டேங்குது. அதை வெச்சுக்கறதா, மூடறதான்னு உங்க மெஷின் சொல்லோணும்."

"கணக்கைப் பாத்தா உங்களுக்கே தெரியுமேங்க?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது என் தங்கச்சி நடத்தற கடைங்க. மாப்பிள்ளை தவறினப்புறம் அதுதான் அவளுக்குப் பிடிமானம். மூடுன்னு என் வாயால எப்படிச் சொல்றது? மெஷின் சொன்னா மனசு நோகாது பாருங்க. மெஷின் சொல்றபடிதான்னு அவகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடையைத் தங்கையின் திருமணத்தையொட்டித் திறந்து கொடுத்தவரும் அவர்தான்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். சந்தைக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் கறுப்பு ஷூவுக்காகப் பிள்ளைகளோடு கூட்டம். புதுத் தோலும் ரப்பரும் பசையும் கலந்த வாசனை. பக்கத்துக் கடையின் ஊதுபத்தி வாசனை அதற்கு மேல். மாடியில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கணிப்பொறியை வைத்திருந்தார்கள். சந்தனப் பொட்டு இட்டு, மல்லிகைச் சரமும் சார்த்தியிருந்தார்கள். பூவை எடுத்தால்தான் திரை தெரியும் என்று நான் சொல்ல, பழனிச்சாமி தயங்கித் தயங்கி எடுத்தார்.

பத்தரை மணிக்கு அவருடைய தங்கை சரஸ்வதி வந்தார். ஹனூரிலிருந்து கொள்ளேகால் வழியாக மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் பில் கட்டு, இன்னொரு கையில் பெரிய துணிப்பை. தபாலில் வந்த பில்களை வைத்து ஓராண்டு விற்பனையைக் கோவையிலேயே பதிந்து கொண்டுவந்திருந்தேன்; கடைசி இரண்டு மாதம்தான் பாக்கி. அவர் வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன்.

"ஆம்பளைச் செருப்பு, ஒம்பது, பழுப்பு. ஆம்பளைச் செருப்பு, பத்து, கறுப்பு."

மதியத்துக்குள் அவரே கேட்டார், "நான் அடிக்கறேன், நீங்க வாசிக்கறீங்களா?" பி.யு.சி. படிக்கும்போது தட்டச்சும் கற்றாராம், இதே ஊரில், அண்ணன் வீட்டில் தங்கி. முதலில் விரல்கள் தடுமாறின. அப்புறம் நான் வாசிக்கும் வேகம்தான் போதவில்லை.

மாலையில் சரஸ்வதி என்னைக் குக்கரஹள்ளி ஏரிக்கு அழைத்துப் போனார். நாரைகள் மரங்களில் அடைந்துகொண்டிருந்தன. வழியில் ஒரு சின்ன ஓட்டலில் செட் தோசையும் காப்பியும் சாப்பிட்டோம்; இருவருக்கும் சேர்த்து இருபது ரூபாய்க்குள். யாரைப் பார்த்தாலும் கன்னடத்தில் நின்று பேசினார். ஒரு வளையல் கடைக்காரர், "ரொம்ப நாளாச்சே இந்தப் பக்கம்" என்றபோது சரஸ்வதியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஊருக்கு வந்த சந்தோஷம் என்று மட்டும் நினைத்தேன்.

புதன்கிழமை முற்பகல் அறிக்கை தயார். டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி கரகரவென்று தாளை வெளியே தள்ள, அண்ணனும் தங்கையும் என் இரு பக்கமும் நின்றார்கள்.

ஹனூர்க் கடையின் பக்கத்தைப் படித்ததும் எனக்கே வியப்பாக இருந்தது. சரக்கு போய் இறங்கிய முதல் வாரத்தில் அங்கே விற்பனை நஞ்சன்கூட்டை விட அதிகம். அதன்பிறகு விழுந்துவிடுகிறது. விற்றதெல்லாம் ஒன்பது, பத்து. தேங்கியதெல்லாம் ஆறு, ஏழு. மூன்று கடைக்கும் எல்லா அளவும் கலந்த ஒரே மாதிரிப் பெட்டிதான் போய்க்கொண்டிருந்தது. வயலிலும் காட்டிலும் நடக்கிற அகன்ற பாதங்களுக்கு ஏற்ற அளவு ஒரே வாரத்தில் தீர்ந்துவிட, மிச்ச நாளெல்லாம் கடை சும்மா இருந்திருக்கிறது.

"பெருசு இல்லீன்னா கொள்ளேகால்ல வாங்கிக்கறோம்னு போயிருவாங்க," என்றார் சரஸ்வதி மெதுவாக. "எல்லா ஊர்லயும் அப்படித்தான்னு நெனைச்சேன்."

பழனிச்சாமி மேசையைத் தட்டினார். "கடை மேல தப்பே இல்லை! நாம அனுப்பின அளவுலதான் தப்பு! சரசு, பெரிய அளவா அனுப்பறேன். உன் கடையை யாரும் மூட வேண்டாம்!"

சரஸ்வதி சிரிக்க முயன்றார், முடியவில்லை. பெட்டிகளின் அடுக்குக்குப் பின்னால் போய்விட்டார்.

நான் பின்னால் போனேன். அவர் அந்தத் துணிப்பையின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் மூடச் சொல்லும்னு நம்பிட்டேன் உமா" என்றார். "பாதித் துணிமணியை எடுத்துட்டு வந்துட்டேன் பாருங்க. அங்க சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பேச ஒரு ஆள் இல்லை. வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அது ஊராத் தெரிஞ்சுது. இப்ப வெறும் கடையாத்தான் தெரியுது."

எங்கள் நிரலில் அளவு, நிறம், மாதம், கடை என்று எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருந்தேன், இதற்கு மட்டும் இல்லை.

"அண்ணன்கிட்டச் சொல்லுங்கக்கா" என்றேன்.

"அவர் ஆசையாக் குடுத்த கடை. வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?"

முந்தாநாள் ஆட்டோவில் அண்ணன் சொன்ன கிட்டத்தட்ட அதே சொற்கள்! அதை அவரிடம் சொல்லலாமா கூடாதா என்று நான் யோசிப்பதற்குள், பெட்டி அடுக்குக்கு அந்தப் பக்கம் பழனிச்சாமி கனைத்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"சரசு, என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதானுங்ணா."

"நீ வருத்தப்படுவேன்னுதான் நான் கோயமுத்தூர்ல இருந்து கம்ப்யூட்டரை வரவழைச்சேன்."

கீழே கடையில் யாரோ ஷூ போட்டுக் குதித்துப் பார்க்கும் ஓசை கேட்டது. பிறகு சரஸ்வதி அழுதுகொண்டே சிரித்தார். பழனிச்சாமி தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பையைக் குடு, நம்ம வீட்டுக்கு அனுப்பறேன்" என்றார்.

அன்று மாலைக்குள் எல்லாம் பேசி முடிந்தது. ஹனூர்க் கடையை அங்கேயே வெகுநாளாக விற்பனையாளராக வேலை பார்க்கும் மாதப்பா பார்த்துக்கொள்வார், பெரிய அளவுகளோடு. மைசூர்க் கடையின் மாடியில் உட்கார்ந்து மூன்று கடைக்கும் கணிப்பொறியை ஓட்ட ஓர் ஆள் தேவை. அதற்கு யார் என்று யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் சரஸ்வதிக்குக் கற்றுக்கொடுத்தேன். வெள்ளி காலை எட்டு மணிப் பேருந்துக்கு அவரே வழியனுப்ப வந்தார், ஒரு பொட்டலம் மைசூர் பாகோடு. அந்தத் தெருக்களை நான் அப்புறம் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அதன்பின் பெங்களூரிலும் சென்னையிலும் இதைவிடப் பெரிய கடைகளுக்கு, இதைவிடக் கெட்டிக்கார மென்பொருள்களோடு போயிருக்கிறேன். குளிரூட்டிய அறைகளில் வண்ண வண்ண வரைபடங்கள் சுவரில் மின்னும். யாரும் பெட்டி அடுக்குக்குப் பின்னால் எழுந்து போனதில்லை. போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. எங்கள் கோவையும் அன்று இப்படித்தான் இருந்தது, ஒரு கடைக்குள் போனால் ஒரு குடும்பத்துக்குள் போனது மாதிரி.

பேருந்து கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. சரஸ்வதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க உமா, நேத்து நஞ்சன்கூட்டு பில்லு வந்திருக்கு. ஏத்தணும். கடை திறக்கற நேரமாச்சு."

என் கையை ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டு நடந்தார். ஜன்னல் வழியே கையசைக்கக் காத்திருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. காலைக் கூட்டத்துக்குள், அந்த ஊர்க்காரியாக, விறுவிறுவென்று போய்விட்டார்.