அப்பா இடிக்க விடாத சுவர்

அப்பா இல்லாத முதல் வருடம் இந்த மாதத்தோடு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் போன வருடம் கருமாதிக்கும் வந்திருந்தீர்கள். அன்று எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்தீர்கள், சாப்பிட்டீர்கள், ஒன்றும் பேசாமல் கிளம்பினீர்கள். அதனால் அப்பாவின் பெருமையை மட்டும் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். பொறுக்காவிட்டாலும் படித்துவிட வேண்டும்.

அப்பா திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். ஐ.டி.ஐ. முடித்து ஆவடியில் தொழிற்சாலை வேலைக்கு வந்தார். குவார்ட்டர்ஸில் கிடைத்தது ஒரே படுக்கையறை. அதில் அம்மா, நான், தம்பி. ஹாலில் அப்பா. கணவரை இழந்து எங்களிடம் வந்த அப்பாவின் தங்கைக்கு, எங்கள் அத்தைக்கு, சமையலறை. கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அத்தை பாய் விரிக்க முடியும். காய்ச்சல் அடித்தாலும் விடியற்காலையில் சுருட்டியாக வேண்டும், பால் காய்ச்ச அடுப்பு வேண்டுமே. பதினோரு வருடம் அப்படி. அத்தையின் உயிர் போனதும் அந்தச் சமையலறையில்தான்.

ஓய்வு பெற்றதும் அப்பா நசரத்பேட்டையில் வீடு கட்டினார். கீழே நாங்கள். மாடியில், வாடகைக்கு, இரண்டு படுக்கையறை வீடு. இரண்டாவது அறையில், படுத்தபடியே கை எட்டும் உயரத்தில் லைட் சுவிட்சை வைக்கச் சொன்னார். எலெக்ட்ரீஷியன் சிரித்தாராம்.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, சிரிக்கவில்லை. கோபப்பட்டார். "மேல டபுள் பெட்ரூம் போட்டா வருஷம் பூரா போர்டு தொங்கும் மாப்ள. நடுவுல மறிச்சு ரெண்டு சிங்கிள் போடுங்க, சாயங்காலத்துக்குள்ள ஆள் வரும். கீழயும் ரெண்டே ரூமா? பொண்ணு பார்க்க வர்றவன் முதல்ல அதைத்தான் எண்ணுவான்!"

மாமாவின் சொந்த ஃபிளாட்டில் மூன்று படுக்கையறை. அதில் ஒன்றில் பழைய டிவி வந்த அட்டைப்பெட்டி படுத்திருக்கிறது. அட்டைப்பெட்டிக்கு ஓர் அறை, அத்தைக்கு அடுப்படி. இதுதான் நாம் எண்ணுகிற லட்சணம்!

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் அப்போதுதான் சிவில் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். மாமா கேட்டதும் குஷியாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பிளான் போட்டேன். ஹாலைக் குறுக்கே மறித்து, இரண்டாவது அறையின் சுவரை இடித்து நகர்த்தி, இன்னொரு சமையலறை. இரண்டு சிங்கிள் பெட்ரூம் தயார். மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கே. இதுல உங்க அத்தை எங்கே படுப்பாம்மா?"

"அத்தைதான் போயிட்டாங்களேப்பா. இது வாடகைக்கு விடற வீடு."

"வாடகைக்கு வர்றவனுக்கு அத்தை இருக்க மாட்டாளா?"

இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை.

அந்த மாதமே அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அண்ணன் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள், பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன அவர் அப்பா. கரையான்சாவடி முழுக்க அலைந்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரர், "சிங்கிள் பெட்ரூமுக்கு நாலு பேருதான்" என்றாராம். இன்னொருவர், "படுக்கையில பெரியவரா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் எவன் குடி வருவான்?" என்றாராம். அப்பா அன்றைக்கே சாவியைக் கொடுத்தார். சுவிட்ச் தாழ்ந்த அறை அந்தத் தாத்தாவுக்கு ஆனது.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியவர் அந்த அண்ணன்தான். அப்பா திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் மாமா முறைப்படி அம்மாவுக்குக் கோடிப் புடவை கொண்டு வந்தார். பையில் அளக்கிற டேப்பும் இருந்தது. அந்த அண்ணனின் மனைவி, மாடி வீட்டு அக்கா, கீழே எங்களோடு உட்கார்ந்து படையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு புரோக்கர் புதுத் தம்பதியோடு வாசலில் வந்து நின்றார்.

"இன்னாமா, மேல ரெண்டு சிங்கிள் பெட்ரூம் ரெடியாவுதாமே? பார்ட்டிய இட்டாந்துகீறேன்." செல்போனை நீட்டினார். அதில் என் பிளான். என் கையெழுத்தோடு.

நான் அதைப் பார்த்து முடிப்பதற்குள் மாமா அவர்களை மேலே கூட்டிப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். தாத்தாவின் கட்டிலைத் தாண்டி டேப் நீண்டிருந்தது. "இந்தச் செவுத்த இட்ச்சிட்டா சோக்கா ஹாலு வரும் சார்" என்றார் புரோக்கர். தாத்தாவோ, துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர்கள் என்று நினைத்துவிட்டார். அசைகிற வலது கையை நெஞ்சில் வைத்து, குழறிய குரலில், "வாங்க... நல்ல மனுசன்... போயிட்டாரு..." என்று வணக்கம் வைத்தார்.

ஒருவரும் திருப்பி வைக்கவில்லை. டேப் சுருண்டது, அவ்வளவுதான்.

கீழே மூலையில் உட்கார்த்தி வைத்திருந்த அம்மா எழுந்தார். அன்று எழக்கூடாதாம், இரண்டு பேர் தடுத்தார்கள். படிக்கட்டடியில் நின்று, "அண்ணே, கொண்டாந்த கோடிய வாங்கிக்கிட்டேன். அதோட உங்க முறை முடிஞ்சுது. மேல ஆள் இருக்காங்க, வந்தவங்கள அனுப்பிடுங்க" என்றார்.

மாமா டேப்பை வீசிவிட்டுச் சாப்பிடாமல் போனார். அம்மா மரியாதை தெரியாதவர் என்று பிற்பாடு உங்களில் சிலர் பேசினீர்கள். கட்டிலில் கிடந்தவரின் தலைக்கு மேல் டேப் பிடித்தது எந்த ஊர் மரியாதை?

சுவர் நிற்கிறது. தாத்தா அதே அறையில் இருக்கிறார், சுவிட்சைத் தானே போடுகிறார்.

அப்பாவைத் தூக்கி ஓடிய அண்ணனுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அக்காவுக்கும், சுடுகாடு வரை வந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோடி கொண்டு வந்த மாமாவுக்கும் நன்றி உண்டு.

மாமா, உங்கள் டேப் எங்கள் வாசல் ஆணியில் தொங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் மாடி ஏறிப் போங்கள். தாத்தா அன்று வைத்த வணக்கம் பாக்கி இருக்கிறது.