கீழேயிருந்து மூன்றாவது

மெனு வடிவமைப்பவன் தொழிலில் பாராட்டு என்று ஒன்று கிடையாது. திட்டு வராத நாளைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அவசரத்தில் மவுஸின் வலது பட்டனைத் தட்டி, தொடக்கூடாததைத் தொட்டுவிட்டு "ஐயோ" என்று கத்திய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்கள் நம்ம ஆள்.

நான் இருப்பது மட்டாஞ்சேரி பஜாரில், மிளகுக் கிடங்குக்கு மேலே இரண்டு அறை பிடித்து நடக்கும் ஒரு சின்ன கம்பெனியில். ஏற்றுமதி ஆபீஸ்கள் தங்கள் ஃபைல்களை அடுக்கித் தேடி எடுக்க ஒரு மென்பொருள் செய்து விற்கிறோம்.

சுள்ளிக்கல் புகார்

சுள்ளிக்கல்லில் ஓர் ஆபீஸில் ஃபைல்கள் காணாமல் போகின்றன என்று போன் வந்தது. போய்ப் பார்த்தேன். அங்கே மேனேஜர் மணி சார், பாலக்காட்டுக்காரர். பாதி நாள் வல்லார்பாடம் துறைமுக டெர்மினலில் நின்றுகொண்டு, எந்த ஃபைலை அனுப்ப வேண்டும் என்று போனில் சொல்வார். இங்கே கம்ப்யூட்டர் முன்னால் ஷமீனா, புதிதாகச் சேர்ந்த பெண்; என்னை அண்ணன் முறையில் 'இக்கா' என்று கூப்பிடுவாள். மெனுவில் இருக்கும் பெயர்களை இருவருமே படிப்பதில்லை. "ரைட் கிளிக், கீழேருந்து மூணாவது" என்பார் அவர். அதைத் தட்டுவாள் இவள்.

பெரிய விண்டோவில் கீழேயிருந்து மூன்றாவது காப்பி. மெயிலில் ஃபைலைச் சேர்க்கும்போது திறக்கிற சின்னப் பெட்டியில் கீழேயிருந்து மூன்றாவது டெலிட். "நிச்சயமா?" என்று கேட்கும்தான், கேட்கிற எல்லாவற்றுக்கும் ஓகே தட்டித்தானே நமக்குப் பழக்கம். அப்படி ஒரு ஃபைல் அழிந்ததில், அன்று கப்பலேற வேண்டிய ஏலக்காய் அடுத்த கப்பலுக்குப் போனது. "தப்பு என்னோடதுதான்" என்று ஷமீனா தலை குனிந்துகொண்டாள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அவள் எதிரிலேயே மணி சார் என்னிடம் சொன்னார்: "இன்னொரு ஃபைல் போச்சுன்னா இந்தப் பொண்ணை வேலையை விட்டு ஆத்துக்கு அனுப்பிடுவேன். நீங்களே சாட்சி."

பிஜு சேட்டனின் நியாயம்

சின்னப் பெட்டியைச் செய்தவர் எங்கள் பிஜு சேட்டன். அதில் பிரிண்டுக்கு வேலை இல்லை, பெயர் மாற்றத்துக்கு வேலை இல்லை என்று இரண்டையும் தூக்கிவிட்டார். மிச்சமிருந்தவை இடம் மாறிவிட்டன. வேலை செய்யாவிட்டாலும் அவை தத்தம் இடத்திலேயே மங்கலாக நிற்கட்டும், இரண்டு இடத்திலும் ஒரே வரிசை வேண்டும் என்றேன். டெலிட்டை ஒரு கோடு போட்டு அடியில் தனியாகத் தள்ள வேண்டும் என்றும் சொன்னேன். சாயா ஆறும்வரை வாதாடினோம். ஒரு பெண்ணின் வேலை போய்விடும் என்றதும்தான் மனுஷன் இறங்கி வந்தார். ஆனாலும் முணுமுணுப்பு நிற்கவில்லை: "பழம்பொரி தீர்ந்தா கடைக்காரன் காலித் தட்டையா கண்ணாடிக்குள்ள வச்சிருப்பான்?"

செத்துப்போன சாஃப்ட்வேர்

புது மெனுவை ஷமீனாவின் கம்ப்யூட்டரில் போட்டேன். மணி சார் தன்னுடையதைத் தொடவே விடவில்லை, கை பழகிவிட்டதாம்.

இரண்டாம் நாளே வல்லார்பாடத்திலிருந்து எனக்குப் போன். வழக்கம்போல மூன்றாவதைத் தட்டச் சொல்லியிருக்கிறார். அவளும் சின்னப் பெட்டியில் தட்டியிருக்கிறாள். டெலிட் அடிக்குப் போனதில் மற்றவை ஒரு படி மேலேறி, இப்போது அந்த இடத்தில் மங்கலான பிரிண்ட். எத்தனை தரம் தட்டினாலும் அசையவில்லை. ஃபைலும் பத்திரமாக இருந்தது. காப்பி என்ற எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லுங்கள் என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். என் சர்வீஸில் இவ்வளவு நல்ல சேதி வந்ததில்லை. அதை அவர் சொன்ன விதம்தான் வேறு: "அமுக்கினா ஒண்ணுமே ஆறதில்லே. உங்க சாஃப்ட்வேர் செத்துப்போச்சு. பழையதையே போட்டுக் குடுங்கோ."

நாற்காலி மாறிய நாள்

பழையதைத் திரும்பப் போடச் சொல்லி எங்கள் முதலாளி என்னை அனுப்பினார். போட்டால் ஷமீனாவின் வேலை எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியும். நடையை முடிந்தவரை மெதுவாக வைத்துக்கொண்டு போனேன்.

அன்று மணி சாருக்கு மூட்டுவலி. டெர்மினலுக்கு ஷமீனாவை அனுப்பிவிட்டு, அவரே தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தார். ஷமீனா போனில் ஒரு இன்வாய்ஸ் கேட்டாள். அவர் சின்னப் பெட்டியைத் திறந்தார், விரல் தானாகக் கீழேயிருந்து மூன்றாவதற்குப் போனது, ஓகேவும் தட்டினார். நான் வாய் திறப்பதற்குள் இன்வாய்ஸ் போயே போய்விட்டது.

மணி சார் என் பக்கம் நாற்காலியைத் திருப்பி, "மெனுவை இப்படியா சார் வைப்பா? மனுஷா தப்புப் பண்ணாம என்ன பண்ணுவா? அவளோடதுல போட்டதை இதுலயும் போடுங்கோ" என்றார். போட்டேன். ஷமீனாவை அனுப்புகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

சாயங்காலம் அவள் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "அப்போ நான் அழிச்சா என் தப்பு, சார் அழிச்சா மெனுவோட தப்பு. அப்படித்தானே இக்கா?"

விண்டோவையும் பெட்டியையும் ஒரே மாதிரி ஆக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். நாற்காலிகளை ஒரே மாதிரி ஆக்க இன்னும் யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை.