மூன்று கிரெடிட்டும் ஒரு கத்தரிக்காயும்

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூட வாசலில் கார் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் பதினான்கு கார்கள். பின் இருக்கையில் என் மகள், ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு. டெக்சாஸ் எண்ணிலிருந்து அழைப்பு என்றதும் வேறு யார், ஜரினா லாத்தாதான் என்று எடுத்து, "என்ன லாத்தா, காலங்காத்தால?" என்றேன். மறுமுனையில் அவர் கணவர் ஹனீபா பாய்.

"சுகந்தி, ஜரினா மௌத்தாயிட்டாம்மா. விடியக்காலைல. மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். ஒனக்கு மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றார்.

பின்னால் நின்ற கார்க்காரி ஹாரன் அடித்தாள். இந்த நாட்டில் பள்ளிக்கூட வரிசையில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தைக்குச் சமம். எனக்கு நகரத் தோன்றவில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து ஹூஸ்டனுக்கு விமானம் பிடித்து, அங்கிருந்து பேர்லேண்டில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாழ்க்கையில் எதற்குமே நான் நேரத்துக்குப் போனதில்லை. என் கல்யாணத்துக்கே முகூர்த்தம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போதுதான் மணவறைக்கு வந்தேன். இந்தக் கதையை லாத்தாவிடம் எத்தனை முறை சொன்னாலும், முதல் முறை கேட்பதுபோல் சிரிப்பார். இரண்டு மாதத்துக்கு முன்பு, உடம்பு மோசமாகிப் படுத்துவிட்ட பிறகு, "ஒரு தடவ வந்துட்டுப் போயேன்" என்று கூப்பிட்டார். "ஸ்கூல் லீவு விடட்டும் லாத்தா, வந்துடறேன்" என்றேன். லீவு விட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் அப்பார்ட்மெண்டில் குடியிருந்த யாருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சொந்த ஊர் நாகூர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நாங்கள் முதன்முதலில் சந்தித்தது துணி துவைக்கும் அறையில். யாரோ மெஷினில் துணியைப் போட்டுவிட்டு வந்து எடுக்கவில்லை என்று, நான் அந்த ஈரத் துணியை எல்லாம் அள்ளி மேலே குவித்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "எறக்குனது தப்பில்ல. கொஞ்சம் ஒதறிப் போட்டிருக்கலாம்ல?" நான் அசடு வழிந்து, "சாரிக்கா" என்றேன். "எங்க ஊர்ல லாத்தாம்பாங்க. அக்கான்னா வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து லாத்தாதான்.

நாகப்பட்டினத்தில் இரண்டு வருடம் கணிதம் படித்துக்கொண்டிருந்தவருக்கு மூன்றாம் வருடம் கல்யாணம். படிப்பு அதோடு நின்றது. எங்களைப் போல் கணவன் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது, படிக்கலாம். மகள் நஸ்ரின் பள்ளிப் படிவம் ஒன்றில் 'தாயின் கல்வி' என்ற கட்டத்தில் 'சம் காலேஜ்' என்று டிக் அடித்துக்கொண்டு வந்தாள். லாத்தா அந்தத் தாளோடு என் வீட்டுக்கு வந்தார்.

"கொஞ்சம் காலேஜ்னா என்ன சுகந்தி? கொஞ்சம் கர்ப்பம்ங்கற மாதிரி இல்ல இருக்கு?"

அந்த வாரமே எங்கள் மாவட்டத்துக் கவுண்டிக் கல்லூரிக்குப் போனார். கம்ப்யூட்டர் பாடம் ஒன்றை முடித்துவிட்டு வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வகுப்பில் போய் உட்கார வழியில்லை. லாத்தாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, பகலில் காரும் ஹனீபா பாயோடு ஆபீஸ் போய்விடும். அப்போதுதான் அந்த ஆன்லைன் கோர்ஸ் கண்ணில் பட்டது. வகுப்பும் கிடையாது, மணியும் கிடையாது. நம் வேகத்துக்குப் படிக்கலாம். பயிற்சிகளை இணையத்தில் அனுப்பிவிட்டு, நூலகத்தில் ஒருவர் மேற்பார்வையில் கடைசிப் பரீட்சை எழுதினால் மூன்று கிரெடிட். அந்த மூன்றையும் கல்லூரி பட்டத்துக்கான கணக்கில் ஏற்றுக்கொள்ளும். லாத்தா லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஏற்றுக்கொள்வோம் என்று கல்லூரி ஆலோசகரிடம் கையெழுத்தோடு கடிதம் வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தார். மதிப்பெண் பட்டியல் நவம்பர் முடிவதற்குள் வந்துவிட வேண்டும், வந்தால் ஜனவரியில் சேரலாம் என்று அதில் எழுதியிருந்தது.

நான் ஏன் சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். வாரம் இரண்டு நாள் அவர் படிக்கப் பக்கத்து நூலகத்துக்குப் போய்விட்டால் நான் யாரிடம் ஊர்வம்பு பேசுவது?

இது இரண்டாயிரத்து நான்கு வாக்கில். உங்களில் பலருக்கு இந்தக் கதை வேறு மாதிரி தெரியும் என்று எனக்குத் தெரியும். ஜரினா என்னைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டார் என்பதுதான் நம் வட்டாரத்தில் உலவும் கதை. அது தலைகீழ். நடந்தது இதுதான்.

'நம் வேகத்துக்கு' என்பதை லாத்தா ஒரு மாதிரிப் புரிந்துகொண்டார், நான் ஒரு மாதிரி. அவர் ஃப்ரிட்ஜில் அட்டவணை ஒட்டினார். நான் அந்த அட்டவணையைப் பார்த்துப் பாராட்டினேன். அவர் ஆறாவது பாடத்தில் இருந்தபோது நான் இரண்டாவதில், 'லூப்' என்றால் என்னவென்று நாலாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தோசை ஊத்தறியே, மாவு தீர்ற வரைக்கும் அதையேதான செய்யறே? அதான் லூப்பு. மாவு தீந்துச்சான்னு பாக்க மறந்தீன்னா வெறும் கல்ல தேச்சிக்கிட்டே இருப்பே."

புரோகிராமில் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். உலகம் முழுக்க எக்ஸ், ஒய் என்று வைப்பார்கள். லாத்தா கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று வைத்தார், ஆங்கில எழுத்தில். "எக்ஸ் எதுக்குன்னு மறந்துடும். கத்தரிக்கா மறக்காது" என்பார். நடுவில் தனக்குத்தானே குறிப்பும் எழுதிக்கொள்வார். ஒரு பயிற்சியில், 'இங்கே தப்பு வந்தால் ஹனீபாவிடம் கேட்காதே, அவருக்கும் தெரியாது' என்று எழுதியிருந்தார். ஹனீபா பாய் தொழில்முறை புரோகிராமர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அக்டோபரில் எனக்கு ஐந்து பயிற்சிகள் பாக்கி. நம் ஊர்க் கல்லூரிகளில் ரெக்கார்டு நோட்டை இரவல் வாங்கி அப்படியே எழுதி வைப்பது சிநேகிதத்தின் முதல் படி. கொடுக்காதவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்போம். நான் கேட்டேன். அவர் ஒரு ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார். "பாத்துப் புரிஞ்சிக்கிட்டு நீயா எழுது" என்றார். நான் மேலே இருந்த பெயரை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பினேன்.

பேராசிரியை மேற்கே எங்கோ ஒரு மாநிலத்தில் இருந்தார். நாங்கள் முகம் பார்த்ததில்லை. அவரிடமிருந்து இருவருக்கும் ஒரே கடிதம் வந்தது. இரண்டு மாணவிகளின் புரோகிராம்களிலும் கத்தரிக்காய் என்ற சொல் பதினெட்டு இடங்களில் வருகிறது. இருவருமே ஹனீபா என்ற ஒருவரிடம் உதவி கேட்க வேண்டாம் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். இருவரும் தனித்தனியே ஏழு நாளைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இரண்டு விளக்கமும் வந்த பிறகே முடிவு. அதுவரை இறுதிப் பரீட்சை எழுத முடியாது.

"இந்தியால எல்லாரும் கத்தரிக்கான்னுதான் பேர் வெப்போம்னு சொல்லிடலாம் லாத்தா" என்றேன்.

"ஹனீபாவ என்ன பண்றது? ஒன் வீட்டுக்காரர் பேரு ஸ்ரீதர்."

"அது ஒரு தேசிய வழக்கம்னு..."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பொய் சொல்லி வாங்கற கிரெடிட் எனக்கு வேணாம் சுகந்தி. நான் குடுத்தத நான் எழுதிடறேன். நீ எடுத்தத நீ எழுதிடு."

அன்று சாயங்காலமே அவர் எழுதிவிட்டார். ஆங்கிலம் சரியா என்று என்னிடம்தான் காட்டினார். 'நான்தான் கொடுத்தேன். எங்கள் ஊரில் இதற்கு உதவி என்று பெயர். இங்கே வேறு பெயர் என்று இப்போது தெரிந்துகொண்டேன். தவறு என்னுடையது.' நாலே வரி.

எனக்கு அந்த நாலு வரி வரவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் நிறுத்தாமல் நாற்பது பக்கம் எழுதுகிறவள். என்னைப் பற்றி ஒரு உண்மையை எழுத உட்கார்ந்தால் தேநீர் போடத் தோன்றியது, ஜன்னல் துடைக்கத் தோன்றியது. எனக்கு அந்தக் கிரெடிட் வேண்டியதுகூட இல்லை. 'திருடி' என்று என் பெயரில் எங்கோ ஒரு கோப்பில் இருக்குமே என்ற பயம். அந்த வாரம் முழுக்க லாத்தா என்னைத் தினமும் பார்த்தார், பேசினார், நெத்திலிக் கருவாடு பொரிக்கும்போது என் வீட்டு ஜன்னலை மூடச் சொன்னார். அனுப்பிவிட்டாயா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன். ஏழாம் நாள் மத்தியானம் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு பேராசிரியை இருவரையும் தொலைபேசியில் அழைத்து, புரோகிராமை வரிவரியாக விளக்கச் சொன்னார். லாத்தா அரைமணி நேரம் பேசினார். கத்தரிக்காய் என்றால் என்னவென்று பேராசிரியை கேட்க, எண்ணெய்க் கத்தரிக்காய் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் முறை வந்தது. "இந்த வரி என்ன செய்கிறது?" என்று கேட்டார். "அது... காய்கறி வாங்குகிறது" என்றேன். என் படிப்பு அன்றோடு முடிந்தது.

லாத்தா நூலகத்தில் பரீட்சை எழுதி நல்ல மதிப்பெண்ணில் தேறினார். மூன்று கிரெடிட்டும் வந்தது, டிசம்பர் ஆறாம் நாள். ஆறு நாள் தாமதம். நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்த ஆறு நாள். கல்லூரி அடுத்த செப்டம்பரில் வரச் சொன்னது.

ஜனவரியில் அவர் ஏன் சேரவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். காரணம் ஒன்று வேண்டியிருந்தது. கதை ஒன்று கிளம்பியது. வழக்கமாக எல்லாக் கதையும் என்னிடமிருந்துதான் கிளம்பும். இது மட்டும் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. நான் எம்.ஏ. படித்தவள், அவர் பாதியில் நிறுத்தியவர். யார் யாரைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்று ஜனங்களே முடிவு செய்துகொண்டார்கள். ஒரு வளைகாப்பு வீட்டில், "பாவம், ஜரினா உன்னப் பாத்து எழுதி மாட்டிக்கிட்டாங்களாமே?" என்று மீனா கேட்டாள். வாயில் வடை. தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அந்த ஆட்டல்தான். அதைவிடக் கேவலமாக நான் எதையும் எழுதியதும் இல்லை, பேசியதும் இல்லை.

செப்டம்பரில் லாத்தா கல்லூரியில் சேர்ந்தார். இடையில் ஹனீபா பாய்க்கு ஹூஸ்டனில் வேலை மாற, கிரெடிட்டுகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே ஒரு கல்லூரிக்கு மாற்றிக்கொண்டார். பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு செமஸ்டர் என்றபோது நோய் வந்தது. ஒரே ஒரு செமஸ்டர். நான் தின்ற செமஸ்டர்.

போன மாதம் ஃபோனில் இதைச் சொல்லி அழுதேன். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். "அந்த ஆறேழு மாசம் நான் என்ன சும்மாவா இருந்தேன்? ஒன் கார்லதான ஓட்டக் கத்துக்கிட்டேன்? அதோட பக்கக் கண்ணாடியப் பேத்தேனே, ஞாபகமிருக்கா? ஓட்டத் தெரியாம இந்த ஊருக்கு வந்திருந்தா நாலு சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். போ, போய் அடுப்பப் பாரு." நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அது.

பேர்லேண்ட் வீட்டில் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மீனாவும் வந்திருந்தாள், இப்போது அவளுக்கும் ஹூஸ்டன்தான். நஸ்ரினின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாகத்தான், "அந்த காப்பி பிரச்சனைக்கு அப்பறமும் விடாம படிச்சாங்களே உங்கம்மா, எவ்ளோ பெரிய விஷயம்" என்றாள்.

"காப்பியடிச்சது நான், மீனா" என்றேன். கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. "அவங்க எழுதினத எடுத்து நான்தான் அனுப்பினேன். நான் லேட் பண்ணினதாலதான் அவங்களுக்கு ஒரு செமஸ்டர் போச்சு. நஸ்ரின், என்ன மன்னிச்சிடும்மா."

தமிழில் எது சொன்னாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண் அது. என்னை நேராகப் பார்த்து, "ஐ நோ, ஆன்ட்டி. உம்மா டோல்ட் மீ" என்றாள். எப்போது சொன்னார் என்று கேட்டேன். நடந்த அன்றைக்கே சொல்லிவிட்டாராம். நானாகச் சொல்லும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றும் சொல்லி வைத்தாராம்.

அந்த வீட்டில் நாலு வருடத்துக்கு மேல் அத்தனை பேருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது. அவர் பெயரை ஊர் மென்றபோதும் ஒருவரும் சொல்லவில்லை. ஒரு விஷயம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது என்பது எனக்குப் பிறவியிலேயே வராத வித்தை. லாத்தாவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டிருப்பது அதைத்தான், இந்த முறை அவர் அனுமதி இல்லாமல்.

ஊர் திரும்பிய மறுநாள் நம் அப்பார்ட்மெண்டிலேயே ஒரு வீட்டுச் சங்கதி என் காதுக்கு வந்தது. ரொம்பவும் ருசியான சங்கதி. ஆறு நாளாயிற்று, ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால், அவரிடம் மட்டும் சொல்லியிருப்பேன்.